எங்கே சத்தம் வருகிறது? பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பட்டறைக்காரனின் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறை இருக்கிறது. பெரிய கடை இல்லை. நான்கு வண்டி நிற்கும், ஐந்தாவது வந்தால் கடை முன்னால் இருக்கிற நடைபாதையில், அஞ்சடியில், வைக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அங்கே. ஞாயிறு காலையில் எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளியில் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். 22 வருடமாக அதே வகுப்பு, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள்.

பட்டறைக்கு வருகிறவர்கள் "அண்ணே, வண்டி சரியில்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நான் எதைக் கழற்றுவது? எங்கே சத்தம் வருகிறது, காலையில் எடுக்கும்போதா, சூடேறின பிறகா, கியர் மாற்றும்போதா, எத்தனை நாளாக? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 10 வயதுப் பையன் ஒருவனை ஜெபிக்கச் சொன்னேன். "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம், எல்லாரையும் ஆசீர்வதியும், வியாதியஸ்தருக்குச் சுகம் தாரும், இயேசுவின் நாமத்தில் ஆமென்" என்று மூச்சுவிடாமல் முடித்தான். இரண்டு நாளுக்கு முன்புதான் அவன் வீட்டு கேட்டில், கந்துவட்டிக்காரனான ஆலோங்கின் ஆட்கள் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். தாமான், அதாவது குடியிருப்பு, முழுக்க அதைப் பார்த்தது. அவன் ஜெபத்தில் மட்டும் அது இல்லை. அவன் மேல் தப்பில்லை, அப்படி ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். சில விஷயங்கள் பலித்தன, சிலவற்றில் நானே சறுக்கினேன். வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் என்னைப் போல வகுப்பு எடுப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

555 புத்தகம்

இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் தோட்டத்துக் கடைக்காரர் கடன் எழுதுவார். அரிசி இவ்வளவு, சார்டின் டின் ஒன்று, மண்ணெண்ணெய் ஒரு போத்தல். சம்பள நாளில் கழிப்பார். என் அம்மா பெயரிலும் ஒன்று இருந்தது. அதில் ஒருநாளும் "பல சாமான்கள்" என்று எழுதியதில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் பெயரும் தேதியும் இருக்கும்.

பிள்ளைகளுக்கு அதையே வாங்கிக் கொடுத்தேன். மொத்தமாகக் கேட்டபோது கடைக்காரர், "இத்தன பேருக்கா கடன் கொடுக்கிறீங்க?" என்றார்.

பக்கத்தின் மேலே தேதி. கீழே நாலு வரி. என்ன நடந்தது. எனக்கு எப்படி இருக்கிறது. ஆண்டவரிடம் என்ன கேட்கிறேன். நாளைக்கு நான் என்ன செய்வேன். எழுதி முடித்த பிறகு அந்த நாலு வரியையே கண்ணை மூடிச் சொன்னால் ஜெபம் முடிந்தது. வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்று கட்டாயம் இல்லை. பைபிளில் அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான்.

இடைநிலைப் பள்ளியின் முதல் வருடமான படிவம் ஒன்றுக்குப் போன ஒரு பெண் எழுதியதை, அவள் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்: "நான் மலாய் பேசினால் பின் வரிசையில் சிரிக்கிறார்கள். வயிற்றைக் கலக்குது. அவங்க சிரிப்பை நிறுத்தணும், இல்லன்னா எனக்குக் காது கேக்காம போகணும். நாளைக்கு ரீசெஸில் தனியா இல்லாமல் பக்கத்தில் உட்காரும் பிள்ளையோடு கன்டீனுக்குப் போவேன்." தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வயிற்றுக் கலக்கல் புதிதல்ல. மூன்றாவது வரியை நான் திருத்தவில்லை. காது கேட்காமல் போகட்டும் என்பது நல்ல ஜெபமா என்று விவாதிக்க அது சமயமும் இல்லை.

முதல் வரிதான் கடினம். பிள்ளைகள் "பிரச்சினை" என்றோ "சோதனை பயம்" என்றோ எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அங்கேதான் பட்டறைக் கேள்விகள். ஒரு பையன் வாராவாரம் கணக்குச் சோதனைக்காகவே ஜெபிப்பான். ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர் அரசுத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். பயத்தை யாரும் எடுக்கவில்லை. "மார்க் குறைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அப்பா ரோத்தான் (பிரம்பு) எடுப்பாரு." "எப்போல்லாம் எடுப்பாரு?" "குடிச்சிட்டு வந்தா." இரண்டு மாதமாக நாங்கள் கணக்குக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம். சத்தம் வந்த இடமே வேறு.

அன்றைக்கு அவன் முதல் வரியை அடித்துவிட்டு வேறு எழுதினான். நாலாவது வரியில் "ஆயாகிட்டச் சொல்வேன்" என்று போட்டான். அவன் அப்பா என்னிடம்தான் வண்டி பார்ப்பார். நான் பேசலாமா என்று பையனிடம் கேட்டேன். ஒரு வாரம் யோசித்துச் சரி என்றான். பிளக் மாற்றிக்கொண்டே பேசினேன். அந்த மனிதர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ரோத்தான் அலமாரிக்கு மேலே போய்விட்டதாகப் பையன் சொன்னான். குடி நிற்கவில்லை.

நாலாவது வரி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஜெபித்த பிறகு ஆண்டவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று. நெகேமியா 4:9-ஐத் திறந்து பாருங்கள். எருசலேம் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது.

யார் படிக்கலாம்

யாரும் படிக்கக் கூடாது. புத்தகம் பிள்ளையுடையது. நானும் திறக்க மாட்டேன், அம்மாவும் திறக்கக் கூடாது. பிள்ளை தானாகக் காட்டினால் மட்டும் பார்க்கலாம்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரு சிறுமி, அப்பா வேறு வீட்டில் தங்குகிறார் என்று என்னிடம் சொன்னாள். நல்லெண்ணத்தோடுதான், புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. நம் ஊரில் பெயர் சொல்லவா வேண்டும்? சனிக்கிழமை சந்தையில் ஒரு அம்மா அந்தச் சிறுமியின் தாயைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் எதுவும் சொன்னதில்லை. மற்றவர்களிடம் கொண்டுபோகும் ஜெபக்குறிப்புக்குப் பிள்ளையிடம் அனுமதி வாங்குங்கள். தரவில்லை என்றால் நீங்கள் தனியாக ஜெபியுங்கள், ஆண்டவருக்கு அது போதும்.

'தேவரீர்' என்றால் என்ன தே?

நம் ஜெபத்துக்கென்று ஒரு தனித் தமிழ் இருக்கிறது. "தேவரீர்", "உம்முடைய பாதத்தண்டை", "தாழவிழுந்து" என்று பெரியவர்கள் சொல்லும்போது அழகாகத்தான் இருக்கிறது. என் பாட்டி அப்படி ஜெபித்துக் கேட்டவன் நான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, "அங்கிள், தே ஓ, தே தாரிக் தெரியும். தேவரீர்னா என்ன தே?" என்று கேட்டது. மலாயில் தே என்றால் டீ. சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தேன்.

பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் ஜெபிக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது பாதி தமிழ், கொஞ்சம் மலாய், மிச்சம் ஆங்கிலம். வேதாகமத் தமிழைச் சின்ன வசனங்களாக மனப்பாடம் செய்யக் கொடுங்கள், அது பிறகு கைகொடுக்கும். சொந்த வார்த்தையின் இடத்தில் அதை உட்கார வைக்காதீர்கள்.

புகார் சொல்லவும் அனுமதி கொடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. இதை வகுப்பில் படித்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியெல்லாம் பேசலாமா? பேசலாம், பைபிளிலேயே இருக்கிறது. படகு முழுகும்போது சீஷர்கள், தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்றே கேட்டார்கள். அவர் முதலில் காற்றை அதட்டினார். அவர்களிடம் பேசியது அதற்கப்புறம்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது எசேக்கியா ராஜா. அசீரியாவிலிருந்து மிரட்டல் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். 2 இராஜாக்கள் 19-இல் இருக்கிறது. அதைக் கேட்ட மறுவாரம் ஒரு பையன் வீட்டுக்கு வந்த கரண்டு நிலுவை நோட்டீஸைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். சுற்றி நின்று ஜெபித்தோம். நோட்டீஸை வீட்டுக்குத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவன் அம்மா அதைத் தேடி வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். நகல் போதும் என்று இப்போது சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரத்துக்கான சின்ன ஜெபம்

புத்தகமும் நாலு வரியும் சாயங்காலத்துக்கு. பஸ்ஸில் பெரிய பையன் பையைப் பிடுங்கும்போது 555-ஐத் திறக்க முடியாது. அதற்கு ஒரு மூச்சில் அடங்குகிற ஜெபம் வேண்டும். தண்ணீரில் அமிழ்ந்துகொண்டே பேதுரு கத்தியது "ஆண்டவரே, என்னை இரட்சியும்", அவ்வளவுதான்.

நான் சொல்லிக்கொடுப்பது 56-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனம். மூச்சை உள்ளே இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", வெளியே விடும்போது "உம்மை நம்புவேன்". விடும் மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும், அப்போது நெஞ்சுப் படபடப்பு தணியும். பயம் வராத நாளில், வகுப்பில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பத்து தடவை பழக்குங்கள். பயம் வந்த பிறகு புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது. அந்த வசனம் பயமே வராது என்று சொல்லவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பயப்படுகிற நாள் ஒன்று உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் அது ஆரம்பிக்கிறது.

ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாத இடம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், வீட்டில் அடி கைமீறினால், குடித்துவிட்டு வந்தவர் கையில் பொருள் எடுத்தால், பிள்ளை முழங்கால் போடக் கூடாது. ஓட வேண்டும். எந்த வீட்டுக்கு ஓடுவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தொட்டவர் சொந்தக்காரராக இருந்தாலும், சபையில் பெரிய ஆளாக இருந்தாலும், நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம். தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண், 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணைப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுத வைத்திருக்கிறேன். "மன்னித்துவிடு, ஜெபி, வெளியே சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொல்லும் பெரியவரைப் பற்றி நான் நினைப்பதை இங்கே எழுத முடியாது.

நான் சொன்ன பொய்

இனிச் சொல்லப்போவதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்பு வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். பையன் என்னிடம், "நான் ஜெபிச்சா அப்பாவுக்கு நல்லாயிருமா அங்கிள்?" என்று கேட்டான். நான், "விசுவாசத்தோட ஜெபிச்சா கண்டிப்பா நல்லாயிரும்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவன் ராத்திரி எழுந்து ஜெபித்ததாக அவன் அம்மா பிறகு சொன்னார். மூன்று வாரத்தில் அப்பா இறந்துபோனார்.

அடக்கத்தில் அவன் என்னைப் பார்க்கவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "என் விசுவாசம் பத்தலியா?" அப்பா போன துக்கம் ஒரு பக்கம். தன்னால்தான் போனார் என்கிற பாரத்தை நான் வேறு ஏற்றி வைத்திருந்தேன்.

"நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். உன் ஜெபத்தில் ஒரு குறையும் இல்லை" என்றேன். பத்து வயதுப் பையனிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பாட்டியின் கதையைச் சொன்னேன்.

ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், என் தாத்தாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே செத்தார்கள். பாட்டிக்கு அப்போது கையில் மூன்று வயதுப் பிள்ளை, என் அப்பா. தினமும் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் உட்கார்ந்து தாத்தா பெயரைச் சொல்லி ஜெபித்தாள். சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் சுங்கை சிப்புட் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் நிற்பாள். தாத்தா வரவில்லை.

நான் பையனாக இருந்தபோது, "கேட்டதக் குடுக்காத சாமிகிட்ட இன்னும் ஏன் ஆயா பேசுற?" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "குடுக்கலன்னுதான் அவருகிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கேன். வேற யாரப் போயி கேக்கச் சொல்ற?" என்றாள்.

அதற்கப்புறம் நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. கேட்பதைத் தைரியமாகக் கேள். கிடைக்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். இயேசுவே சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில், இந்தப் பாத்திரத்தை (வரப்போகும் பாடுகளை) எடுத்துப்போடும் என்று கேட்டார். எடுக்கப்படவில்லை. பவுல், தன் மாம்சத்தில் 'முள்' என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". இவர்கள் இரண்டு பேருக்கும் விசுவாசம் பத்தவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிள்ளை கேட்டால் இந்த இரண்டு கதையையும் முழுசாகச் சொல்லுங்கள், அவசரப்பட்டு விளக்கம் சேர்க்காதீர்கள். "ஏன்" என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். அந்தப் பதிலைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகத் தாங்குகிறார்கள்.

வீட்டில்

காலையில் முடியாது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற வீடும் பேக்டரி பஸ் பிடிக்கிற வீடும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி படுக்கும்போது ஐந்து நிமிடம் போதும். முதலில் நீங்கள் உங்கள் சொந்தக் கஷ்டம் ஒன்றைச் சொல்லி ஜெபியுங்கள், பிள்ளை தாங்கும் அளவுக்கு. "ஆண்டவரே, இன்னிக்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் ஏசிட்டாரு, அவமானமா இருக்கு." அம்மாவும் இப்படிப் பேசலாம் என்று தெரிந்தால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

ஒரு கெட்ட பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. ஜெபத்துக்குள்ளே பிள்ளையை ஏசுவது. "ஆண்டவரே, இவன் போனை நோண்டாமல் கணக்குப் பாடத்தில் கவனம் வைக்கக் கிருபை செய்யும்." அது ஆண்டவருக்குப் போகிற பேச்சு இல்லை, பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போகிற பேச்சு. அவனுக்கும் அது தெரியும். ஏச வேண்டுமானால் ஆமென் சொன்ன பிறகு கண்ணைத் திறந்து ஏசுங்கள். தப்புச் செய்ததற்குத் தண்டனையாக முழங்கால் போட்டு ஜெபிக்க வைப்பதும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்ட வகுப்பில் ஒரு நாள் வைக்கிறேன். ஆரம்பத்தில் "கிடைத்தது" என்றால் சரி போடு, இல்லையென்றால் காலியாக விடு என்று சொல்லியிருந்தேன். அது கடைக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு எத்தனை சரி என்று பையன்கள் எண்ண ஆரம்பித்தார்கள். இப்போது படித்துப் பார்ப்பது மட்டும்தான். வேண்டுமானால் கீழே ஒரு வரி சேர்த்து எழுதலாம்.

போன தடவை, மலாய் பேசி வயிற்றைக் கலக்கிய அந்தப் பெண் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பூனை காணாமல் போனதற்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தாளாம். அது மூன்றாம் நாளே வந்துவிட்டது, அவளுக்கு ஞாபகமே இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா போன் எடுப்பதில்லை என்று இருந்ததை என்னிடம் காட்டினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்துக்குப் போய், அன்றைய தேதியைப் போட்டு, அதே வரியைத் திரும்ப எழுதினாள்.